நாமே நடத்தும் தரப்படுத்தல்

1971 ஆம் ஆண்டு தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை எம்முள் மறந்தவர் எவருமிலர். மருத்துவம் பயில விரும்பிய தமிழ்மொழி மூல மாணவன் 400 புள்ளிகளுள் 250 பெறவேண்டும். சிங்களமொழி மூல மாணவனுக்கோ 229 போதும் என்று அன்று வரையறுத்தனர். பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு எமக்கு 250, அவர்க்கு 227. பௌதிக விஞ்ஞானத்துக்கு எமக்கு 204, அவர்க்கு 183. பரீட்சை ஒன்று, தராசு ஒன்று, படிக்கல் மாத்திரம் இரண்டு! தரப்படுத்தல் என்று அதற்கு அழகான பெயரும் இட்டனர். எம் இளைஞர் கொதித்தெழுந்தனர். மேடைதோறும் முழங்கினோம். அந்தக் கோபம் அன்றும் நியாயமானது, இன்றும் நியாயமானதே.

ஆயின் இன்று நாம் எழுதப் புகுந்தது வேறொரு தரப்படுத்தலைப் பற்றி. இதனை எந்த மந்திரியும் வர்த்தமானியிற் பிரசுரிக்கவில்லை. எந்தப் பாராளுமன்றமும் இதனைச் சட்டமாக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு விஞ்ஞானம். துணுக்காயிலும் மடுவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்புப் படுவான்கரையிலும் மலையகத் தோட்டங்களிலும் பிறந்த பிள்ளைக்கு வேறொரு விஞ்ஞானம் என்று எம்மிடையே இரண்டு படிக்கற்கள் புழங்குகின்றன. இவற்றுள் ஒன்றைச் செய்தது அரசாங்கத்தின் அலட்சியம். மற்றதைச் செய்தது நாம். கசப்பாயினும் இதனைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரே மாகாணம், இரண்டு முகங்கள்

2017 ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சையிலே கணிதப் பிரிவில் அகில இலங்கை முதலிடத்தைப் பெற்றவர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி மாணவர். தமிழ் நெஞ்சங்கள் பூரித்தன. பத்திரிகைகள் கொட்டை எழுத்திற் செய்தி தீட்டின. அதே வடமாகாணம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே ஒன்பது மாகாணங்களுள் கடைசி இடத்தில் நின்ற ஆண்டுகளையும் அண்மைக் காலத்தில் நாம் கண்டோம். அன்று கொட்டை எழுத்தைக் காணோம்.

இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். மண் ஒன்று, மொழி ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, இலவசப் பாடநூலும் ஒன்று. ஒரு முனையிலே நாட்டுக்கு முதல்வன். மறு முனையிலே விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் சித்தியெய்தாது வெளியேறும் பிள்ளைகளின் நீண்ட வரிசை. இது மூளையின் குறையாயிருத்தல் கூடுமா? இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்காலில் நீர் எவ்வளவு விட்டால் எத்தனை ஏக்கர் நனையும் என்று மனக்கணக்கிற் சொல்லும் விவசாயியின் மகனுக்கு விகிதசமம் விளங்காது என்று எவன் சொல்வான்?

தமிழிற் படிப்பதுதான் குறை என்று சிலர் சொல்கின்றனர். அவர்கள் மானிப்பாயின் வரலாற்றை அறியாதவர்கள். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் 1864 ஆம் ஆண்டு முதல் தம் மாணாக்கருக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் இரசாயன நூலையும் தமிழில் ஆக்குவித்தார். ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, அமுக்கம், ஈர்ப்பு என்பவற்றையெல்லாம் சொல்லத் தமிழுக்கு நாவுண்டு. சொல்லிக் கொடுக்க ஆசிரியர் உண்டா என்பதே கேள்வி.

கைத்தொலைபேசியாற் கெட்டார்கள் என்று வேறு சிலர் சொல்கின்றனர். தொலைபேசி பட்டணத்துப் பிள்ளையின் கையிலும் உண்டு, அவன் சித்தியெய்துகின்றானே! நோயொன்று இருக்க, மருந்தை வேறொன்றுக்குக் கொடுப்பதால் யாது பயன்?

விளக்கில்லை, ஆசிரியர் இருந்தார்

வறுமையும் யுத்தமுமே காரணம் என்போருக்கு நாம் சற்று விரிவாக விடை பகரவேண்டும். ஏனெனில் அதிலே பாதி உண்மை உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, மின்கலத்துக்குத் தடை, பசளைக்குத் தடை. ஜாம் போத்தலுள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, அந்தப் பொட்டு வெளிச்சத்திலே எம் பிள்ளைகள் படித்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது புத்தகப் பையைச் சுமந்தவர்களும் அவர்களே. அந்த இருளிலிருந்தும் மருத்துவர் வந்தனர்; பொறியியலாளர் வந்தனர்; விஞ்ஞான ஆசிரியரும் வந்தனர்.

எப்படி வந்தனர்? விளக்கு இல்லை, ஆனால் ஆசிரியர் இருந்தார். இடம்பெயர்ந்த ஊரிலே மரநிழலிற் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் பௌதிகவியல் படிப்பித்த ஆசிரியர்களை இந்தத் தலைமுறை அறியும். இன்று வன்னியில் மின்சாரம் உண்டு. மாடிக் கட்டடம் உண்டு. வர்ணம் பூசிய மதில் உண்டு. ஆசிரியர் எங்கே?

ஆய்வுகூடம் என்று பெயர் எழுதிய அறைகளின் கதவைத் திறந்து பாருங்கள். நுணுக்குக்காட்டி பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. சோதனைக் குழாய்கள் தூசி படிந்து கிடக்கின்றன. பாசிச்சாயத்தாள் நிறம் மங்கிவிட்டது. உடைந்தால் யார் பொறுப்பு என்று அதிபர் அஞ்சுகிறார். கணக்கெடுப்புப் பதிவேட்டில் மட்டும் யாவும் ஒழுங்காக இருக்கின்றன. அரசாங்கங்கள் ஆய்வுகூடக் கட்டடங்களைத் திறந்து வைப்பதில் மிக்க ஆர்வமுள்ளவை. கட்டடத்துக்கு நாடா வெட்டலாம், கல்வெட்டிலே பெயரும் பொறிக்கலாம். இரசாயனவியல் ஆசிரியருக்கு நாடா வெட்ட முடியாது. ஆகவே அவர் வரவில்லை.

விஞ்ஞானம் கற்க வந்த பிள்ளைக்கு வரலாற்றுப் பட்டதாரியே விஞ்ஞானமும் படிப்பிக்கின்றார். அவரைக் குறை கூறோம். வெறும் வகுப்பைப் பார்த்துக்கொண்டிராது தம்மாலியன்றதைச் செய்கின்றார். ஆனால் 6 ஆம் தரத்திலிருந்து 11 ஆம் தரம் வரை ஒரு தடவையேனும் அமிலத்தையும் காரத்தையும் கலந்து பாராத பிள்ளை, வினாத்தாளில் நடுநிலையாக்கம் என்ற சொல்லைக் கண்டால் என்ன செய்வான்? மனனம் செய்ததை ஒப்புவிப்பான். வினா சற்று வளைந்தால் விழுந்துவிடுவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்ன எம் முன்னோர் இந்தப் பாடசாலைகளை முன்கூட்டியே கண்டனர் போலும்!

அரசாங்கத்தின் பங்கு

1960, 1961 ஆம் ஆண்டுகளிலே உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பொறுப்பேற்றல் என்ற சொல்லுக்குச் சொத்தை எடுத்துக்கொள்ளல் என்று மட்டுமா பொருள்? பிள்ளைக்கு ஆசிரியரைக் கொடுக்கும் கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவை நடத்தும் 1ஏபி தரத்துப் பாடசாலைகள் பத்திலொன்று அளவே. கிராமத்துப் பிள்ளை 11 ஆம் தரத்தில் விஞ்ஞானத்திற் சிறந்த சித்தி பெற்றாலும் அவனுடைய ஊர்ப் பாடசாலையிற் பெரும்பாலும் கலைப் பிரிவே உண்டு. பஸ்ஸேறி முப்பது மைல் செல்ல முடிந்தவன் விஞ்ஞானம் படிப்பான். முடியாதவன் படிக்கக் கூடியதைப் படிப்பான். அவன் விருப்பப்படி கலைப் பிரிவைத் தெரிந்தான் என்று அறிக்கையில் எழுதுவார்கள்! பின்னர் 2020 ஆம் ஆண்டிற் போலப் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் அரசசேவையிற் சேர்க்க நேரும்போது, அவர்களுட் பெரும்பாலோர் கலைப்பட்டதாரிகளாயிருப்பதைக் கண்டு வியப்பார்கள். வித்தியாசமான விதையை எவரும் விதைக்கவில்லையே!

மலையகத்து உறவுகளின் நிலை இதனினும் கொடிது. 1948 ஆம் ஆண்டிற் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்களின் தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. நாடு 1945 இல் இலவசக் கல்வியைப் பெற்றது; தோட்டத்துப் பிள்ளை அதன் வாசலை ஒரு தலைமுறை கழித்தே கண்டது. ஓட்டப் பந்தயத்திலே முப்பது ஆண்டு பிந்திப் புறப்படச் செய்துவிட்டு, முதலாவதாக வரவில்லையே என்று கேட்பது என்ன நீதி?

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் கல்வியின் பெரும்பகுதியை மாகாண சபைகளிடம் கொடுத்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலும், வடமாகாண சபையின் காலம் 2018 இலும் முடிவடைந்தன. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்தது. ஆசிரியர் இல்லை என்று பெற்றார் முறையிட ஒரு மக்கள் பிரதிநிதிகூட மாகாணத்தில் இல்லாத காலம் அது. முறையிட இருந்த காலத்திலாவது எம் சபையினர் ஆசிரியர் பங்கீட்டை எத்தனை நாள் விவாதித்தனர் என்பதை அவர்களே நெஞ்சிற் கை வைத்துச் சொல்லட்டும்.

எம்முடைய பங்கு

இனி எம் பக்கம் திரும்புவோம். அரசாங்கத்தைச் சாடும்போது கைதட்டிய வாசகர் இங்கே கையை மடக்கிக்கொள்ளலாம், ஆயினும் கேட்கவேண்டும்.

யாழ்ப்பாணத்து விஞ்ஞானப் பட்டதாரி ஒருவருக்கு வன்னியிலே அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலையில் நியமனம் கிடைக்கின்றது. கடிதம் கையில் வந்த மறுநாளே யாரைப் பிடித்தால் இடமாற்றம் பெறலாம் என்று குடும்பமே புறப்படுகின்றது. மருத்துவச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பவர் யார்? எம் மருத்துவர். சிபாரிசுக் கடிதம் கொடுப்பவர் யார்? எம் அரசியல்வாதி. கோப்பை மேலே வைப்பவர் யார்? எம் உத்தியோகத்தர். ஈராண்டு கழியுமுன் ஆசிரியர் பட்டணத்துக்கு வந்துவிடுகின்றார். அவரிடத்தை நிரப்ப எவரும் செல்வதில்லை. பட்டணத்துப் பெரிய பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் மிகை. ஐம்பது மைலுக்கப்பால் வெறும் நாற்காலி. இதிலே சிங்கள மந்திரியின் கை எங்கே இருக்கின்றது?

5 ஆம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் வலையை வீசிக் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு இழுத்துவிடுகிறோம். எஞ்சிய பிள்ளைகளையும் எஞ்சிய ஆசிரியரையும் வைத்துக்கொண்டு கிராமப் பாடசாலை தேறவில்லை என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். வெண்ணெயைத் திரட்டி எடுத்தபின் மோர் புளிக்கின்றது என்று முகம் சுளிப்பவர் அறிவுடையவரா?

மாலையில் தனியார் கல்வி நிலையங்களுக்குச் சென்று பாருங்கள். ஒரே கொட்டகையில் முந்நூறு மாணவர், ஒலிபெருக்கியிலே இரசாயனவியல்! அங்கே சோதனைக் குழாய்க்கு இடமில்லை. சென்ற ஆண்டு வினாத்தாளுக்கே இடமுண்டு. இதற்கு உதவியாக நிற்பது பரீட்சை முறை. உயர்தரப் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் செய்முறைப் பரீட்சை இல்லை. முன்னொரு காலத்தில் இருந்தது, கைவிடப்பட்டது. வேணியர் இடுக்கிமானியைத் தொட்டறியாதவனும் அதன் வாசிப்பைத் தாளிலே எழுதிப் புள்ளி பெறலாம். ஆகவே ஆய்வுகூடத்தில் ஒரு மணி நேரம் செலவிடுபவன் ஏமாளி, கொட்டகையில் இருப்பவன் சமர்த்தன் என்று பிள்ளைகளே எண்ணுகின்றனர். வெங்காயம் விற்ற பணத்தையும் நகை ஈடு வைத்த பணத்தையும் விவசாயி இந்தக் கொட்டகைக்குக் கொட்டுகின்றான். இலவசக் கல்வி என்று எதனைச் சொல்கிறோம்?

எமது பழைய மாணவர் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் விருந்து வைத்துப் பணம் சேர்க்கின்றனர், நன்று. அந்தப் பணம் ஏற்கெனவே யாவும் உள்ள கல்லூரிக்கு இன்னொரு மண்டபமாகவும் வரவேற்பு வளைவாகவும் வந்து சேருகின்றது. தாம் படித்த பாடசாலையை நேசித்தல் தவறன்று. பழைய மாணவர் சங்கமே இல்லாத பாடசாலையிற் படிக்கும் பிள்ளை யாருடைய பிள்ளை?

கிளிநொச்சியிலே ஓர் ஊருக்கு அறிவியல் நகர் என்று பெயர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அங்கே உள்ளன. அதிலிருந்து சில மைல் தூரத்தில், பௌதிகவியல் ஆசிரியரைக் கண்டறியாத பிள்ளைகள் தெருவோரம் நடந்து வீடு செல்கின்றனர். அறிவியல் நகரின் பெயர்ப்பலகையை அவர்கள் நாள்தோறும் வாசிக்கின்றனர். அவர்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அவ்வளவே!

விவசாயிக்கு விஞ்ஞானம் ஏன்?

டாக்குத்தர், எஞ்சினியர் ஆவதற்கே விஞ்ஞானம் என்ற எண்ணம் எம்மவரைப் பீடித்த பழைய நோய். அதனாலேயே ஆயிரம் பிள்ளைகளுள் பத்துப் பேர் தேறினாற் போதும் என்று திருப்தியடைகிறோம்.

2021 ஆம் ஆண்டு அன்றைய அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தது. நெற்பயிருக்கு நைதரசன் எவ்வளவு வேண்டும், சேதனப் பசளையில் அது எவ்வளவு உண்டு என்ற கணக்கைப் பாராது செய்த செயல் அது. வயல்கள் மஞ்சளித்தன, விளைச்சல் வீழ்ந்தது, அதே ஆண்டு நவம்பரிலே தடையை நீக்கினர். நட்டம் விவசாயியின் தலையில். மறுபுறம், அளவுக்கு மிஞ்சி யூரியா இடுவதால் வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் கீழுள்ள கிணற்று நீரில் நைத்திரேற்று சேருவதையும் நாம் அறிவோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்தபோது, இந்த நீரைக் குடிக்கலாமா ஆகாதா என்று அறியாது மக்கள் தவித்தனர். ஓர் அறிக்கையை வாசித்து, இது எப்படி அளக்கப்பட்டது என்று கேட்கத் தெரிந்த பத்துப் பேர் ஊருக்கு ஊர் இருந்திருந்தால் அந்தத் தவிப்புப் பாதியாகியிருக்கும். விஞ்ஞானம் வைத்தியசாலைக்கு மட்டும் உரியதன்று. அது வயலுக்கும் கிணற்றுக்கும் உரியது.

செய்யவேண்டியவை

குறை சொல்லி ஓய்வது எமது வழக்கமன்று. நாம் கேட்பவை ஐந்து.

முதலாவது, விஞ்ஞான, கணித ஆசிரியருக்குரிய நியமனம் பாடசாலைக்கே உரியதாதல் வேண்டும். குறைந்தது ஐந்தாண்டு அங்கே இருத்தல் வேண்டும். பதிலாள் வந்து சேராமல் எவரும் விடுவிக்கப்படலாகாது. அப்படி இருப்பவருக்குத் தங்க நல்ல விடுதியும் தக்க படியும், திரும்பும்போது விரும்பிய பாடசாலையில் முன்னுரிமையும் கொடுத்தல் வேண்டும். தண்டனையாக அனுப்பினால் எவரும் மனமொன்றிப் படிப்பியார்.

இரண்டாவது, ஒவ்வொரு தை மாதமும் எந்தப் பாடசாலையில் எந்த விஞ்ஞான பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எங்கே மிகை என்ற பட்டியலை ஒவ்வொரு வலயக் கல்வி அலுவலகமும் பகிரங்கமாக வெளியிடல் வேண்டும். இருட்டிலேதான் இடமாற்றங்கள் விளைகின்றன. வெளிச்சத்தை அவை தாங்கா.

மூன்றாவது, ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் ஒரு பாடசாலையேனும் முழுமையான விஞ்ஞானப் பிரிவும் இயங்கும் ஆய்வுகூடமும் உடையதாதல் வேண்டும். அயற் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே வந்து சேர பஸ் வேண்டும்.

நான்காவது, செய்முறைக்குப் புள்ளி வேண்டும். புள்ளி இல்லாத வேலையை எம் சமூகம் செய்யாது என்பதை நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. செம்பரத்தம்பூவை வெந்நீரில் இட்டாற் கிடைக்கும் சாறு அமிலத்தையும் காரத்தையும் நிறத்தாற் காட்டிவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீரிலே குழாயால் மூச்சை ஊதினால் அது பால்போல மங்கும். நூலும் கல்லும் இருந்தால் தனி ஊசல். இவற்றுக்கு எந்த மந்திரியின் அனுமதியும் வேண்டியதில்லை.

ஐந்தாவது, பழைய மாணவர் சங்கங்கள் தாம் சேர்க்கும் பணத்திற் பத்திலொரு பங்கை, தம்முடையதல்லாத ஒரு பின்தங்கிய பாடசாலையின் ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குக. பல்கலைக்கழக விஞ்ஞான, விவசாய, பொறியியல் மாணவர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அயலிலுள்ள பாடசாலைக்குச் செல்க. ஓய்வுபெற்ற எம் ஆசிரியப் பெருந்தகைகள் ஓராண்டை வன்னிக்கோ படுவான்கரைக்கோ மலையகத்துக்கோ தானமாகக் கொடுக்க.

எந்த முகத்தோடு கேட்பது?

இன்றைய பல்கலைக்கழக அனுமதி முறையிலே 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறனுள் யாழ்ப்பாணமும் ஒன்று! கல்வியே மூலதனம் என்று மார்தட்டிய மாவட்டம் சலுகைப் பட்டியலிற் சேர்ந்துவிட்டது. அச்சலுகையைப் பெறுபவர் யார்? யாழ்ப்பாண மாவட்டத்துக்குரிய இடத்துக்கு நெடுந்தீவுப் பிள்ளையும் நல்லூர்ப் பிள்ளையும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றனர். ஒருவனுக்கு மூன்று ஆசிரியரும் இரண்டு கல்வி நிலையமும். மற்றவனுக்குக் கடலும் காற்றும். 1971 இல் எமக்கு எதிராக இருந்தவை 21 புள்ளிகள். நெடுந்தீவுப் பிள்ளைக்கு எதிராக நாம் வைத்திருப்பவை எத்தனை என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கொழும்பிடம் நாம் நீதி கேட்கிறோம், கேட்டுக்கொண்டேயிருப்போம். அதிலே ஓர் அணுவும் தளரோம். ஆனால் நீதி கேட்பவன் தன் வீட்டிலே அதனை வழங்கியிருத்தல் வேண்டும். இல்லையேல் அவன் கேட்பது நீதியன்று, தன் பங்கு மாத்திரமே.

அடுத்த தை பிறக்கும்போது வன்னியிலே ஒரு வகுப்பறை திறக்கப்படும். பிள்ளைகள் வந்து அமர்வார்கள். கரும்பலகையின் முன் ஒருவர் நிற்பாரா? அந்த ஒருவர் இன்று எம் வீடுகளில் ஒன்றிலே இடமாற்ற விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றார். அவருடைய கையைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு அவருடைய தந்தைக்கும் தாய்க்கும், சான்றிதழ் எழுதும் மருத்துவருக்கும், சிபாரிசு செய்யும் அரசியல்வாதிக்கும், இதை வாசிக்கும் உங்களுக்கும் உரியது. எமக்கும் உரியது.